கற்பிக்கவும் தகுதி வேண்டும்

எண்பதுகளில் நான் ஜி.என்.எம். என்னும் நர்சிங் டிப்ளமோ படித்தபோது கள்ளக்குறிச்சி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. வார்டுதான் எங்கள் வகுப்பறை. சீனியர் சிஸ்டர் செய்வதைப் பார்ப்போம், மறுநாள் நாங்களே செய்வோம். கை பழகியது. ஏன் செய்கிறோம் என்பதைச் சொல்லித்தர அவர்களுக்கு நேரமில்லை.

நர்சிங் கற்பிப்பதற்கான சிஸ்டர் டியூட்டர் படிப்பு முடித்த ஒரு மேடம் வந்தபின் அது மாறியது. பிரசவமான தாயின் வயிற்றில் என் கையை வைத்து, "கர்ப்பப்பை கல்லு மாதிரி இருக்கணும்மா. மெத்துன்னு இருந்தா ரத்தம் போகுதுன்னு அர்த்தம்" என்றார். கால் மணிக்கு ஒருமுறை ஏன் தொட்டுப் பார்க்கிறோம் என்பது அன்றுதான் விளங்கியது.

அவரைப் போன்றவர்கள் உருவாக வெகுகாலம் ஆனது. நர்சுகளைப் பதிவு செய்ய மதராஸ் மாகாணத்தில் 1926-லேயே சட்டம் வந்துவிட்டது. வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் பி.எஸ்சி. நர்சிங் தொடங்கியது 1946-ல். பயிற்சிக்கு நாடு முழுக்க ஒரே தரம் வகுக்க இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது 1947-ல். எம்.எஸ்சி. நர்சிங்குக்கு 1959 வரை காத்திருந்தோம்.

இன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டம்; அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. நானும் டியூட்டர். என் மாணவிகள் முதலில் பொம்மை உடலில் பழகிவிட்டுத்தான் நோயாளியைத் தொடுகிறார்கள். நோயாளிக்கும் மாணவிக்கும் இது பெரிய பாதுகாப்பு. 1947 சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதுச் சட்டமும் நிறைவேறியிருக்கிறது.

ஆனாலும் ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. நர்சிங் ஆசிரியர்களுக்கென்றே அமெரிக்காவில் 2005 முதல் தனிச் சான்றிதழ்த் தேர்வு நடக்கிறது. கற்பித்தல் தனித் திறமை என்பதை அங்கே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இங்கே பட்டத்தையும் அனுபவ ஆண்டுகளையும் பார்த்து வேலை தருகிறோம். நல்ல நர்ஸ் எல்லோரும் நல்ல டியூட்டர் ஆகிவிடுவதில்லை.

கச்சிராயப்பாளையம் தாண்டி, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு மாணவிகளை ஃபீல்டுக்கு அழைத்துப் போகும்போது நல்ல கற்பித்தலின் தேவை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அந்த மலையின் உள் கிராமங்களில் நர்ஸ் பெரும்பாலும் தனி ஆள். தாய்க்கு ரத்தப்போக்கு தொடங்கினால் பக்கத்தில் கேட்க டாக்டர் இருக்கமாட்டார். கர்ப்பப்பையைத் தேய்த்து இறுகவைப்பதும், வண்டிக்குச் சொல்வதும், கீழே அனுப்புவதும் அவள் முடிவு. அந்த நேரத்தில் கைகொடுப்பது, டியூட்டர் அன்று காரணத்தோடு சொல்லித்தந்த பாடம்தான்.

ஆகவே, கற்பிப்பதை நேரில் பார்த்துத் தகுதி வழங்கும் தேர்வு நமக்கும் வேண்டும். அதில் ஒரு பகுதியையாவது மலைக் கிராமத்து வீட்டுத் திண்ணையில், ஒரு கர்ப்பிணியின் முன்னால் நடத்த வேண்டும்.