மிருகசாலைச் செலவியல்

செலவு என்றால் பழந்தமிழில் பயணம். இன்றைய தமிழில் காசு. குடும்பத்தோடு மிருகசாலைக்குப் புறப்படும் நாளில்தான் இரண்டு பொருளும் கைகோத்துக்கொள்கின்றன. புறப்பட எண்ணிய தலைவன் தயங்கி நிற்பதைச் 'செலவழுங்கல்' என்று அகப்பொருள் இலக்கணம் தனியாகவே பேசுகிறது. அங்கே காரணம் தலைவியின் கண்ணீர். எங்கள் வீட்டில் மூன்று வருடச் செலவழுங்கலுக்குக் காரணம் ஒரு பசுமாடு. ஆகவே இவ்வாய்வு மாட்டிலிருந்து தொடங்குவதே முறை.

*காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும்
ஊடே கிடப்பதை நாளென மொழிப.*

இது அடியேன் யாத்த முதல் நூற்பா. உரை: நாங்கள் இருப்பது பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். சித்தூர் வட்டாரத்தில் பால் சொசைட்டி மணிதான் ஊர் மணி. விடியலில் கறந்து ஊற்றிவிட்டுக் கிளம்பினால் மதியம் மூன்றுக்குள் மடி முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். காட்டு மிருகத்தைப் பார்க்க வீட்டு மிருகம் விடுவதில்லை என்பது இதன் கருத்து.

சேர்ந்து போக வேண்டியது தங்கை குடும்பத்தோடு. அவள் வாக்கப்பட்டது மூணாறு எஸ்டேட்டில். அவர்கள் வீட்டில் அண்ணன் மனைவி 'மதினி'. எங்கள் வீட்டில் 'நங்கை'. தங்கை போனில் என் மனைவியை இரண்டு விதமாகவும் கூப்பிடுவாள். கொழுந்தெடுப்புக்கு வார விடுமுறை ஞாயிறு. எனக்கு மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பது திங்கள். கேரளத்து மிருகசாலைகளுக்கோ திங்கள்தான் விடுமுறை. மூன்று கிழமைகள் தம்முள் மோதியதில் இரண்டு கோடை விடுமுறைகள் கழிந்தன.

எங்கே போவது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. எனக்குக் கோவைதான் பக்கம். ஆனால் அங்கே வ.உ.சி. பூங்காவிலிருந்த மிருகசாலை 2022இல் அங்கீகாரத்தை இழந்தது. திருவனந்தபுரத்து மிருகசாலை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இருக்கிறது. இருந்தாலும் அவ்வளவு தூரம் போய்வர மாடு காத்திருக்காது. மதராஸில் 1855இல் பால்ஃபர் என்பவர் தொடங்கிய சாலையைச் சென்னைக்காரர்கள் 'உயிர் காலேஜ்' என்றார்கள், மியூசியம் 'செத்த காலேஜ்'. இதைவிடத் துல்லியமான வகைப்பாட்டை எந்தப் பல்கலைக்கழகமும் தரவில்லை என்பது என் துணிபு. கடைசியில் இரு தரப்பும் இறங்கிவந்தது திருச்சூருக்கு. 1885இலிருந்து செம்புக்காவில் நெருக்கியடித்துக் கிடந்த சாலை இப்போது புத்தூரில், முந்நூறு ஏக்கருக்கும் மேலான இடத்தில். ஆஸ்திரேலியாவின் ஜான் கோ வடிவமைத்தது. 2025 அக்டோபரில் திறப்பு விழா. எனக்குக் கையில் இருந்தது மூன்று மணி நேரம். மணிக்கு நூறு ஏக்கர் என்று கணக்குப் போட்டேன்.

*ஆளெண்ணி முடித்தபின் அத்தையும் வருவாள்;
வண்டியில் இடமோ வளரா தென்ப.*

தங்கையின் மாமியாரைத்தான் அத்தை என்றது. பிள்ளைகளுக்கு ஆச்சி. ஜீப்பில் ஒன்பது பேர் என்று முடிவான இரவில், "நான் இதுவரைக்கும் யானையவே நிம்மதியா பாத்ததில்ல, நானும் வாரேன்" என்று அவர் சொன்னதாகத் தங்கை சொன்னாள்.

இந்த வாக்கியத்தை ஆராய்ச்சியாளன் கடந்துபோக முடியாது. குறிஞ்சியின் கருப்பொருள் யானை. ஆனால் இடுக்கி யானைகளுக்குப் பெயர் வைத்தது இலக்கணமும் அல்ல, லின்னேயஸும் அல்ல, பறிகொடுத்த பொருள். ரேஷன் அரிசியைத் தின்றவன் அரிக்கொம்பன். சக்கை, அதாவது பலாப்பழம், தின்றவன் சக்கைக்கொம்பன். விதிவிலக்காக, மூணாற்றில் நடையழகுக்காக ரஜினி படத்துப் பெயர் வாங்கியவன் படையப்பா. அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் சின்னக்கானலிலிருந்து பெரியாறு காட்டுக்கு ஏற்றிப்போனார்கள். ஒரு மாதத்தில் கம்பம் தெருவில் நின்றான். பிறகு தமிழ்நாட்டு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறையில் விட்டது. பாலக்காடும் சளைத்ததல்ல: அதே வருடம் ஜனவரியில் பிடிபட்ட பி.டி.7 என்ற யானைக்கு, பிடித்த ஊரின் பெயரையே வைத்து 'தோணி' ஆக்கினார்கள். ஆச்சி ஆயுள் முழுக்க யானை பார்த்திருக்கிறார், கதவிடுக்கு வழியாக, விளக்கை அணைத்துவிட்டு. நின்று, மூச்சுவிட்டு, கால் முதல் தலைவரை பார்த்ததில்லை. அதற்கு நடுவில் ஒரு வேலி வேண்டும். வேலிக்கு அந்தப்பக்கம் யானை இருக்க வேண்டும்.

பிள்ளைகள் வரையாடு கேட்கவில்லை. இரவிக்குளத்தில் பள்ளிக்கூடத்தோடு போய்ப் பார்த்தாயிற்று. அவர்களுக்குச் சிங்கம் வேண்டும்.

அந்த ஞாயிறு வந்தது. ஜீப் நாலு மணி இருட்டில் கிளம்பி, அடிமாலி, கோதமங்கலம், அங்கமாலி என்று இறங்கியது. பெரியவன் இரண்டு இடத்தில் வாந்தியெடுத்தான். நாங்கள் குதிரான் சுரங்கத்துக்குள் நுழைந்து, கத்தி எதிரொலி கேட்டு, வெளியே வந்தோம். மிருகசாலைக்குள் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: குறிஞ்சிப் புலி, முல்லை மான், நெய்தல் முதலை எல்லாம் ஒரே டிக்கெட்டில். திணைமயக்கம் தவறில்லை என்ற பழைய விதிக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆச்சி மட்டும் ஒவ்வொரு திருப்பத்திலும் "யானை எங்க?" என்றார். கடைசியில் நீர்யானையைக் காட்டினோம். "பேருக்குத்தான் யானை," என்றார். மலையாளத்தில் அது நீர்க்குதிர. கிரேக்கரும் அதை ஆற்றுக்குதிரை என்றார்கள். தமிழோ யானை என்கிறது, அந்த ஏமாற்றத்துக்கு மொழியும் உடந்தை. காவலரிடம் விசாரித்தபின் விளங்கியது: மிருகசாலைகளில் யானை வைக்கக் கூடாது என்று மத்திய மிருகசாலை ஆணையம் 2009இலேயே உத்தரவிட்டுவிட்டது. அலைந்து திரிகிற பிராணியை அடைத்துவைப்பது கொடுமை என்று. நியாயம்தான். அதை ஆச்சியிடம் எடுத்துச் சொல்ல மச்சான் என்னை முன்னால் தள்ளினார்.

"அடைச்சு வைக்கக் கூடாதா? அப்ப எங்கள?" என்றார் ஆச்சி.

மூன்றரைக்கு நான் மடி முன்னால் உட்கார்ந்தேன். மாடு அரை லிட்டர் குறைத்துக் கொடுத்தது. இரவு எட்டரைக்குத் தங்கையின் போன், குரல் இல்லை, கிசுகிசுப்பு மட்டும்: "அண்ணா, ரோட்டுல நிக்குது. லைட்ட அணைச்சிட்டோம்." படையப்பாவா வேறு எவனாவதா, இருட்டில் தெரியவில்லையாம். நாற்பது நிமிடம் நின்றிருக்கிறான். பிள்ளைகள் மூச்சு விடவில்லை. ஆச்சி, மிச்சமிருந்த புளிச்சோற்றுத் தூக்கை முந்தானைக்குள் இழுத்து மூடி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.