பாறையே கூரையான ஊர்

லிஸ்பன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள், அத்தை, உங்கள் கல்லுடைக்கிற கிரஷர் எல்லாரும் நலம்தானே? நான் நலம். கால் மட்டும் வலிக்கிறது. காரணம் கீழே வருகிறது.

கோடை வந்தால் இந்த லிஸ்பனில் உள்ளூர்க்காரனுக்கு இடமில்லை. 28ஆம் நம்பர் டிராமில் ஏற வெளிநாட்டுக்காரர்கள் திருப்பதி தர்ம தரிசனத்துக்கு நிற்பதுபோல் நிற்கிறார்கள். எங்காவது ஆள் இல்லாத ஊருக்குப் போய்வரலாம் என்று ரயிலேறி, டேகஸ் ஆற்றங்கரையோரமாகவே காஸ்டெலோ பிராங்கோ போனேன். அங்கிருந்து ஸ்பெயின் எல்லைப் பக்கம் மொன்சாந்து என்று ஒரு மலையூர். பஸ் அபூர்வம். ஏறும்போதே டிரைவர், திரும்பி வர யோசனை வைத்திருக்கிறாயா என்று விசாரித்தார்.

போய் இறங்கினால், மாமா, நம்ம செஞ்சி! அதே உருண்டைக் கருங்கல், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, இப்போது விழும் அப்போது விழும் என்று பயமுறுத்துகிற அதே குன்று. இவ்வளவு விமான டிக்கெட் போட்டு வந்தவன், ராஜகிரி அடிவாரத்திலேயே நின்றிருக்கலாம்.

ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே அந்தப் பாறைகளுக்கு அடியில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். இரண்டு பாறைக்கு நடுவில் சுவர் வைத்து, கதவு மாட்டி, வாசலில் பூந்தொட்டி வைத்துவிட்டால் வீடு. ஒரு வீட்டுக்கு மேலே முழுப் பாறை ஒன்றுதான் கூரை. அதை ‘ஒற்றை ஓட்டு வீடு’ என்கிறார்கள். அந்தக் காலத்துப் பன்றிக் கொட்டடிகூடப் பாறைக்கு அடியில்தான். உங்கள் கண்ணில் பட்டிருந்தால் பத்தே நாளில் முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி என்று பிரித்து லாரியில் ஏற்றியிருப்பீர்கள்.

1938இல் ‘போர்ச்சுகலிலேயே போர்ச்சுகல்தனம் மிகுந்த கிராமம்’ என்று இந்த ஊருக்கு ஒரு வெள்ளிச் சேவல் பரிசு கொடுத்தார்கள். அதன் நகல் மணிக்கூண்டு உச்சியில் இன்னும் நிற்கிறது. அந்தச் சேவலும் கூவுவதில்லை. அவ்வளவு அமைதியான ஊர்.

உச்சியில் கோட்டை. 1165இல் இந்த இடத்தை போர்ச்சுகல் ராஜா டெம்ப்ளர் என்ற சிலுவைப்போர் வீரர்களுக்குக் கொடுத்தாராம். பின்னால் ஒருநாள் உள்ளே இருந்த வெடிமருந்துக் கிடங்கு வெடித்துக் கோட்டையில் ஒரு பகுதியே போய்விட்டது. உங்களுக்குப் பிடித்த செய்தியாக இருக்குமே என்று எழுதுகிறேன்.

முற்றுகைக் கதைதான் பிரமாதம். எதிரி ரோமானியன் என்று ஒரு கட்சி, மூர் என்று இன்னொரு கட்சி. எவனோ ஒருவன், வருஷக்கணக்கில் மலையைச் சுற்றி வளைத்து நின்றான். மேலே மிஞ்சியது ஒரு கன்றுக்குட்டி, கொஞ்சம் கோதுமை. கோதுமை முழுவதையும் கன்றுக்கு ஊட்டி, அதைக் கோட்டை மேலிருந்து எதிரி தலையில் தள்ளிவிட்டார்கள். வயிறு கிழிந்து கோதுமை கொட்டியதைப் பார்த்தவன், ‘மாட்டுக்கே இவ்வளவு தீனி போடுகிறவர்களைப் பட்டினி போட்டு ஜெயிக்க முடியாது’ என்று மூட்டை கட்டிவிட்டான். இன்றைக்கும் மே மாதத் திருவிழாவில் கன்றுக்குப் பதிலாகப் பூ வைத்த பானையை மேலிருந்து வீசுகிறார்கள். செஞ்சியை முகலாயர்கள் 1690 முதல் 1698 வரை வளைத்து நின்றார்களே, நம்மாட்களில் ஒருத்தருக்காவது இந்த யோசனை வந்ததா? உள்ளே இருந்த மராட்டிய ராஜா ராஜாராம் தப்பித்துப் போனதோடு சரி.

மரஃபோனா என்று ஒரு துணிப்பொம்மை விற்கிறார்கள். சிலுவைபோல் கட்டிய குச்சிக்குப் பாவாடை சட்டை. முகத்தில் கண், காது, வாய் எதுவும் கிடையாது. கல்யாணம் ஆனவர்களின் கட்டிலுக்கு அடியில் வைத்தால் குழந்தை பாக்கியமாம். பார்க்கவும் செய்யாது, வெளியே போய்ச் சொல்லவும் செய்யாது. நம்ம வீட்டுக் கல்யாணங்களுக்கு வரும் சொந்தக்காரர்களுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் தேவலை. நான் வாங்கவில்லை. அம்மாவிடம் பொம்மைப் பேச்சே எடுக்காதீர்கள், மறுநாளே ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

கோட்டையிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தபோது, ஒரு பாட்டி தன் வீட்டு வாசலில் உட்காரச் சொன்னார். என் அரைகுறைப் போர்ச்சுகீஸில் பேச்சு ஓடியது. எங்கள் ஊரிலும் இதே பாறைதான் என்றேன். சந்தோஷப்பட்டார். ‘அதை வைத்து என்ன செய்கிறீர்கள்?’

‘என் மாமா வெடிவைத்து உடைத்து, அரைத்து விற்கிறார்.’

நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ‘வாங்குகிறவர்கள் அதை என்ன செய்வார்கள்?’

‘சிமென்ட்டோடு கலந்து வீட்டுக்குக் கூரை போடுவார்கள்.’

பாட்டி தலைக்கு மேலே இருந்த பாறையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். ‘முதலிலேயே அது கூரையாகத்தானே இருந்தது?’

எனக்குப் பதில் வரவில்லை, மாமா. தொழில் தெரிந்தவர் நீங்கள்தான் என்று உங்கள் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பாட்டிக்குப் போர்ச்சுகீஸ் மட்டும்தான் வரும். கூப்பிட்டால் கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள், காது மந்தம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்