கறுப்பு எவ்வளவு கறுப்பு?

ஆடித் தள்ளுபடியில் டிவி வாங்கப் போகிறவருக்கு முதலில் எழுத்துத் தேர்வு. எல்.சி.டி., எல்.இ.டி., க்யூ.எல்.இ.டி., ஓ.எல்.இ.டி. என்று கடைக்காரர் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். முதல் மூன்றும் அசலில் எல்.சி.டி.தான் என்பதை மட்டும் சொல்லமாட்டார். பின்னால் எல்.இ.டி. விளக்கு வைத்தால் எல்.இ.டி. டிவி, நடுவே குவாண்டம் புள்ளிப் படலம் ஒன்றைச் சேர்த்தால் முன்னால் ஒரு 'க்யூ' முளைத்துவிடும். அந்தப் புள்ளிகளுக்கு 2023இல் வேதியியல் நொபெல் கிடைத்தது. விலைச்சீட்டைப் பார்த்தால், பரிசுப் பணத்தை நம்மிடம்தான் வசூலிக்கிறார்களோ என்று தோன்றும்.

ஓ.எல்.இ.டி. நிஜமாகவே வேறு ரகம். திரையின் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அதனால் கறுப்பு அசல் கறுப்பு. ஆனால் அதை ரசிக்க அறை இருட்டாக வேண்டும். கூடத்து டியூப்லைட்டை அணைத்தால் பாட்டி, "கரண்ட் போயிருச்சாடா?" என்பார். போதாக்குறைக்கு, ஒரே சேனலை வருஷக்கணக்கில் ஓடவிட்டால் மூலையிலிருக்கும் அதன் முத்திரை திரையிலேயே பதிந்துவிடவும் கூடும். (சீரியல் வீடுகளில் அதை யாரும் குறையாக நினைக்கப்போவதில்லை.)

எதை வாங்கினாலும் '4கே' கட்டாயம். அதாவது திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். வீட்டுக்கு வந்ததும் அதில் செருகுவது பழைய கேபிள் பெட்டியை. சாதாரணத் தரச் சேனலில் அது தருவது 4 லட்சத்துச் சொச்சம்தான். மீதியை டிவியே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. கதாநாயகியின் மூக்குத்தியில் எத்தனை கல் என்பதை இப்போது இயக்குநர் அல்ல, டிவிதான் தீர்மானிக்கிறது.