எதுக்கு நல்லது?

சைவக்காரர்கள் கூச்சமே இல்லாமல் ஆட்டுக்கால் சூப் குடிக்கும் ஊர் தமிழ்நாட்டில் உண்டென்றால் அது கொல்லிமலைதான். ஆட்டுக்கும் அந்தச் சூப்புக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மரத்திலும் பாறையிலும் தொற்றி வளரும் ஒரு பெரணியின் தண்டு அது, பெயர் முடவாட்டுக்கால். மேலெல்லாம் பழுப்பு மயிர். கூடையில் குவித்திருப்பதைப் பார்த்தால், யாரோ ஒரு மந்தையையே வெட்டிவிட்டுக் கால்களை மட்டும் விலைக்கு வைத்ததுபோல இருக்கும். மயிரைச் சுரண்டித் தோலைச் சீவி, நசுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கொதிக்கவிட்டால் சூப் தயார்.

மூட்டு வலிக்குக் கண்கண்ட மருந்து என்பது வியாபாரிகள் வாக்கு. இதன் பங்காளிச் செடி ஒன்றைச் சீன வைத்தியர்களும் எலும்பு முறிவுக்குக் கொடுக்கிறார்கள். வைத்தியம் எப்படியோ, கடை போட இடம் பார்த்தவர் மேதை. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கமிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கிக் குளித்து ஏறி வருகிறவனுக்கு, முழங்கால் என்று ஓர் உறுப்பு தனக்கு இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். மேலே வந்து மூச்சு வாங்கினால் எதிரே சூப் கொதிக்கிறது.

என்னோடு வந்தவர் சித்தப்பா. 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வாட்ஸ்அப் மூலிகைக் குறிப்புகளை உரக்கப் படித்துக்கொண்டே வந்தவர். சோளக்காடு என்ற ஊரில் கீரை விற்ற ஒரு ஆயா முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

“இது என்ன கீரை ஆயா?”

“பண்ணைக்கீரை சாமி.”

“எதுக்கு நல்லது?”

“சோத்துக்கு.”

சித்தப்பா விடவில்லை. “அதில்ல ஆயா. சர்க்கரைக்கு ஆகுமா?”

ஆயா அவரை ஏற இறங்கப் பார்த்தது. “சர்க்கரையெல்லாம் போடக் கூடாது சாமி. உப்பு, புளி, மொளகா போட்டுக் கடைஞ்சாப் போதும்.”

பயிருக்கு நடுவே தானாக முளைப்பது அந்தக் கீரை. களை எடுக்கப் போனால் குழம்புக்கும் ஆயிற்று. காட்டு வள்ளிக்கிழங்குகள் அவ்வளவு சுலபமில்லை. கொடியைக் கண்டுபிடித்து, அது போகிற ஆழத்துக்கெல்லாம் கூடவே தோண்டிப் போகவேண்டும். அதிலும் சில கசப்பு, சில விஷம்; நறுக்கி ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு வேகவைத்தால்தான் வயிறு ஒத்துக்கொள்ளும். எது எந்த ரகம் என்று இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களுக்கு இலையைப் பார்த்தாலே தெரியும். சித்தப்பா கேட்டது ஒன்றுதான்: “பச்சையா ஜூஸ் போடலாமா?” ஆயா பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தது. பத்திரமாக வீடு கொண்டுபோய்ச் சேர் என்கிற பார்வை.

சாமையும் தினையும் விளைந்த பல காடுகளில் இப்போது ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி நிற்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து சிறுதானியங்களை இங்கே தக்கவைக்கப் பாடுபட்டு வருகிறது. மதியம் ஆயா தூக்குப்போசியைத் திறந்தபோது உள்ளே ரேஷன் அரிசிச் சோறு. சித்தப்பாவின் பையில் யானை விலை கொடுத்து வாங்கிய சாமை. ஒருவரைப் பார்த்து ஒருவர் இரக்கப்பட்டுக்கொண்டார்கள்.

முடவாட்டுக்கால் கிழங்கையும் ஒரு பை நிறைய வாங்கினார் சித்தப்பா. ஊர் ஊராக இப்படி மூட்டை கட்டினால் மரத்தில் என்ன மிஞ்சும் என்று நான் கேட்டது காதில் விழவில்லை. ஆடாக இருந்தாலாவது குட்டி போடும்.

மறுநாள் சித்தியிடமிருந்து போன். “ஒரு வெங்காயம் உரிச்சுக் குடுத்ததில்ல இந்த மனுஷன். காலையிலேருந்து தன்னோட ரேசரால அந்தக் கெழங்குக்குச் சவரம் பண்ணிக்கிட்டிருக்காரு.”

சாயங்காலம் நானே கூப்பிட்டேன். சூப் எப்படி இருந்தது சித்தி?

“மொளகு ரசந்தான். அதுக்கு எதுக்குடா இவ்வளவு அலங்காரம்?”