மாடி ஏறும் முன் மாமாவைக் கேளுங்கள்

கே: கையில் எட்டு லட்சம் இருக்கிறது. மாடியில் ஒரு ரூம், பாத்ரூம் கட்ட முடியுமா? (ஊத்துக்கோட்டை வாசகர்)

ப: தாராளமாக ஆரம்பிக்கலாம். முடிப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லையே!

கே: எதிர்பாராத செலவுக்கென்று தனியாக ஒதுக்க வேண்டுமா? (சீத்தஞ்சேரி)

ப: உங்கள் ஊர்ப் பக்கம் போகும் கிருஷ்ணா கால்வாயைக் கேளுங்கள். 1976-ல் மூன்று மாநிலங்கள் ஆளுக்கு 5 டி.எம்.சி. தர ஒப்புக்கொண்டன, மொத்தம் 15. 1983 ஒப்பந்தத்தில் ஆவியாகப் போக 3 டி.எம்.சி.யை முன்கூட்டியே கழித்து, ஊத்துக்கோட்டை எல்லையில் 12 என்று எழுதினார்கள். ஐந்தில் ஒரு பங்கு காற்றுக்கு! அப்படியும் தண்ணீர் வந்து சேர 1996 ஆகிவிட்டது. அதன் பிறகும் கரை ஒழுகி, சத்ய சாய் அறக்கட்டளை செலவு செய்து சீரமைத்தது. உங்கள் வீட்டுக்கு அப்படி யார் இருக்கிறார்கள், மாமனாரா?

கே: பழைய வீடு மாடியைத் தாங்குமா? மேஸ்திரி 'கண்ணை மூடிக்கிட்டு ஏத்தலாம் சார்' என்கிறார். (பெரியபாளையம்)

ப: கண்ணைத் திறந்துகொண்டு ஒரு மூலையில் தோண்டிப் பாருங்கள். கடைக்கால் எத்தனை ஆழம், சுவரில் நிற்கிற வீடா, பில்லரில் நிற்கிற வீடா என்று ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் சொல்லட்டும். மேஸ்திரி தாங்கும் என்பார். அடியில் படுத்துத் தூங்கப்போவது நீங்கள்.

கே: எங்கள் தெருவில் நாலு பேர் பிளான் அப்ரூவல் இல்லாமலே கட்டிவிட்டார்கள். நானும்...? (வெங்கல்)

ப: நாளை வங்கியில் கடன் கேட்கும்போது அந்த நாலு பேரும் கூட வருவார்களா? 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால், 2024 ஜூலை முதல் சுயசான்றில் ஆன்லைனிலேயே அனுமதி தருகிறார்கள். உங்கள் மாடிக்கு அது பொருந்துமா என்று முதலில் கேளுங்கள். பழைய வீட்டின் பிளானையும் தேடி எடுங்கள். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும்.

கே: கும்மிடிப்பூண்டிக் கம்பி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (கவரப்பேட்டை)

ப: ஊரைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். விட்டத்தை (மி.மீ.) அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 எம்.எம். கம்பி, 12 மீட்டர் நீளம் என்றால் ஏறக்குறைய 10.7 கிலோ இருக்க வேண்டும். தராசில் ஒன்பதுதான் காட்டினால், மலிவு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

கே: 2025 செப்டம்பரில் சிமென்ட் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததே, எஸ்டிமேட் ஏன் குறையவில்லை? (தாமரைப்பாக்கம்)

ப: சேதி இன்னும் கான்ட்ராக்டர் காதுக்கு எட்டவில்லை. ஏறியிருந்தால் அன்று ராத்திரியே எட்டியிருக்கும்.

கே: எந்த மாதம் வேலை ஆரம்பிக்கலாம்? (பென்னலூர்பேட்டை)

ப: தை. ஐப்பசிக்குள் கூரை போட்டுவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஆரணியாறு உங்கள் முகூர்த்தத்தை விசாரிக்காது. செங்கல்லையும் சூளை எரிகிற கோடையிலேயே இறக்கிவிடுங்கள். மழைக்காலத்தில் கல்லுக்கு விலை ஏறும், சூளைக்காரர் போனை எடுக்கமாட்டார்.

கே: மூணு நாள் தண்ணீர் ஊற்றினால் போதுமாம், கொத்தனார் சொல்கிறார். (பூண்டி)

ப: ஐ.எஸ். 456 தரநிலை, பி.பி.சி. சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் என்கிறது. ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு தண்ணீருக்குக் கணக்கா?

கே: கூலிக்கு மட்டும் விடுவதா, மெட்டீரியலோடு விடுவதா? (கச்சூர்)

ப: கூலிக்கு விட்டால் மூட்டையை எண்ணும் வேலை உங்களுக்கு, மெட்டீரியலோடு விட்டால் பிராண்டைப் பார்க்கும் வேலை உங்களுக்கு. எப்படி விட்டாலும் கடைசித் தவணையைப் பூச்சு முடியும்வரை கொடுக்காதீர்கள். முழுப் பணமும் கைமாறிய மறுநாள் மேஸ்திரியின் ஊரில் யாருக்காவது கல்யாணம் வந்துவிடும்.

கே: வாஸ்துக்காரர் கட்டி முடித்த படிக்கட்டை இடிக்கச் சொல்கிறார்! (ஊத்துக்கோட்டை இல்லத்தரசி)

ப: இடிக்கிற செலவில் பாதியை அவரை ஏற்கச் சொல்லுங்களம்மா. ஈசானியம் தானாக நகர்ந்துவிடும்.