தோல்விக்கு அஞ்சாதவர்கள்

வாழ்க்கை வெறுத்துக் கோபுரத்திலிருந்து குதித்த அருணகிரிநாதரை முருகன் தாங்கிப் பிடித்தார் என்று சொல்லும் ஊர் திருவண்ணாமலை. தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கு இதைவிடத் தோதான கதை கிடைக்காது. ஆனால், தோல்வி பயம் அடியோடு அற்றுப்போனவர்களின் கைவரிசையைப் பார்க்கக் கிரிவலப் பாதையில் சுற்ற வேண்டாம். தண்டராம்பட்டுப் பக்கம் தென்பெண்ணைக் கரைக்குப் போனால் போதும்.

அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவே சுமார் 16 கோடி ரூபாயில் ஓர் உயர்மட்டப் பாலம். 2024 செப்டம்பரில் திறப்பு விழா. டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. தாங்கிப் பிடிக்க முருகன் வரவில்லை.

விளக்கம் மட்டும் உடனே வந்தது. பாலம் வினாடிக்குச் சுமார் 54 ஆயிரம் கன அடிக்கு வடிவமைக்கப்பட்டதாம். வந்தது அதைப்போல் பல மடங்காம். ஆக, பாலம் தோற்கவில்லை. ஆறுதான் பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்டது! அதே ஆற்றின் குறுக்கே, பாலத்துக்கு மேற்புறம், சாத்தனூர் அணை 1958-லிருந்து நின்றுகொண்டிருக்கிறது. டிசம்பர் 2 அதிகாலை அதிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்கள். அந்த மதகுகள் எவ்வளவு தண்ணீர் விடும் என்பது, பாலத்துக்கு வரைபடம் போட்ட மேசைக்கு மட்டும் எட்டாத தேவ ரகசியமா? அணையும் அரசுடையது, பாலமும் அரசுடையது. ஒன்றை ஒன்று கேட்டுக்கொள்ள நடுவில் எந்த ஆறு தடுத்தது?

பாலமாவது கான்கிரீட். அணை திறந்ததற்கு முந்தைய நாள் மாலை, திருவண்ணாமலை ஊருக்குள்ளேயே, வ.உ.சி. நகரில் அண்ணாமலையார் மலையிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து ஏழு பேர் புதைந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். பிறகு நிபுணர் குழு மலையேறி மண்ணைச் சோதித்தது. அந்த ஆண்டு தீபத்துக்கு மலையேறப் பக்தர்களுக்குத் தடை போட்டார்கள். சரியான முடிவுதான், குறை சொல்லவில்லை. அதே மண்மீது தெருத்தெருவாக வீடுகள் மேலேறிய ஆண்டுகளில் இந்த எச்சரிக்கை உணர்வு எந்த அலமாரியில் பூட்டிக் கிடந்தது?

கணக்கில் ஃபெயிலான பிள்ளையிடம் அப்பனைக் கூட்டிவரச் சொல்கிறோம். இங்கே கணக்கு தப்பினால் ‘இயற்கைச் சீற்றம்’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். மழை வலுத்தால் தூக்கம் கெடுவது சரிவில் இன்னும் குடியிருப்பவர்களுக்கு. வரைபடம் போட்டவருக்கு என்ன பயம்? அடித்துப்போன பாலத்துக்குப் பதில் இன்னொரு டெண்டர் வரும். அதற்கும் திறப்பு விழா உண்டு.