சிங்கப்பூரில் சும்மா ஒரு நாள்

தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் பூட்டிக் கிடக்கும் வாரங்களில்தான் ஆலங்குளம், சிவகாசி வட்டாரக் குடும்பங்களுக்கு ஊர் சுற்றும் ஆசை எழும். கை கொஞ்சம் தாராளமாக இருந்தால் சிங்கப்பூர். அந்தப் பயணத் திட்டத்தில் முதல் நாளை மட்டும் படித்துப் பாருங்கள்: காலையில் மெர்லயன் சிலை, அடுத்து சைனா டவுன், மாரியம்மன் கோயில், சாப்பிட்ட கையோடு செந்தோசா, இரவில் விளக்குக் காட்சி. தீப்பெட்டி ஆபீசில் குரோஸ் கணக்கில் கூலி வாங்குவதைப்போல, பார்த்த இடத்துக்கு இவ்வளவு என்று யாரோ மாலையில் எண்ணிக் கொடுக்கப்போகிற வேகம். முதல் நாளுக்கு இரண்டு இடம் தாராளம் என்பது என் கட்சி. அந்த இரண்டையும் புறப்படுமுன்பே முடிவுசெய்துவிட வேண்டும் என்பது கட்சியின் கொள்கை விளக்கம்.

இந்த ஓட்டத்துக்கு நம் ஆசையைவிட ஓட்டல் அறைதான் பெரிய காரணம். திருச்சியில் நள்ளிரவு தாண்டி விமானம் ஏறினால் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுவதால், இறங்கும்போது விடிந்திருக்கும். தூக்கம் மட்டும் வந்து சேர்ந்திருக்காது. அறையோ பெரும்பாலும் மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். நடுவில் இத்தனை பேரை எங்கே வைப்பது? பஸ்ஸில் வைத்து ஊரைச் சுற்றுவார்கள். அந்தச் சுற்றலுக்கு ‘நகர உலா’ என்று பெயர். தூங்கி விழும் தலைகளுக்கு மெர்லயனும் ஒன்றுதான், மெர்லயன் படம் போட்ட பனியனும் ஒன்றுதான். அந்தச் சிலை 1972 முதல் தண்ணீர் துப்பிக்கொண்டிருக்கிறது. நாளை மறுநாள் போனாலும் துப்பும். (அதே 1972இல்தான் அந்த ஊரில் பட்டாசு வெடிக்கத் தடையும் வந்தது. நம் வட்டாரத்துக் காதுகளுக்கு அதுவே பாதி ஓய்வு.)

ஆகவே பெட்டிகளை ஓட்டலில் ஒப்படைத்துவிட்டு முதலில் லிட்டில் இந்தியாவின் தேக்கா உணவங்காடி. இட்லியோ பரோட்டாவோ, தமிழிலேயே கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். பிறகு லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் தாவரவியல் பூங்கா. 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும்; முதல் நாள் அந்தப் பக்கம் திரும்பாமல் இருப்பது நல்லது. மரத்தடியில் உட்காருவதற்கு இத்தனை தூரமா என்றால், இது சாதாரண மரத்தடி இல்லை. ஹென்றி ரிட்லி என்ற இயக்குநர் ரப்பர் மரத்தைப் பட்டுப்போகாமல் கீறிப் பாலெடுக்கும் முறையை இங்கேதான் வகுத்தார். தோட்டக்காரர்களிடம் ரப்பர் நடச் சொல்லி விடாமல் நச்சரித்தார். அந்த நச்சரிப்பு பலித்த பிறகுதான் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆயிரமாயிரம் தமிழர்கள் கப்பலேறினார்கள். நம்மவர்களின் இடுப்பொடித்த மரத்தை வளர்த்துவிட்ட தோட்டத்தில் நம்மவர்கள் காலை நீட்டி உட்காருவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

“இவ்வளவு காசு கொட்டி வந்தது உட்காரவா?” என்ற கேள்வி பாதி சரி. காசு பெரிதுதான். ஆனால் கண் சொருகிய நிலையில் பார்த்த ஐந்து இடங்களுக்கும் அதே காசுதான் போகிறது. மழை வந்தால்? வருஷக் கடைசியில் அங்கே மத்தியானம் கொட்டத்தான் செய்யும். அதற்குள் அறை கிடைத்துவிடும், படுத்துக்கொள்ளலாம். திட்டமே போடாமல் போனால் இன்னும் நிம்மதிதானே என்பவர்களுக்கு முஸ்தபாவைத் தெரியாது. திட்டம் இல்லாத நேரத்தை அந்தக் கடை மொத்தமாக விழுங்கிவிடும். முதல் நாளே வாங்கிய கோடாலித் தைலத்தைக் கடைசி நாள்வரை சுமந்து, அதையே தேய்த்துக்கொள்ள வேண்டிவரும்.

சும்மா உட்காருவதை ஆலங்குளத்திலேயே செய்யலாமே என்பது வலுவான ஆட்சேபம்போலத் தெரியும். செய்து பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் யாராவது வந்து, “என்ன மாப்ள, உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்பார்கள். சிங்கப்பூரில் அந்த விசாரணை இல்லை. தேக்காவில் தட்டைத் தூக்கிக்கொண்டு எதிரே உட்காரும் தமிழர் மட்டும் எந்த ஊர் என்று கேட்கக்கூடும். சொன்னால், தென்காசிப் பக்கமா என்பார். இல்லை, சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம் என்று விளக்கி முடிக்கிற நேரத்தையும் முதல் நாள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.